நாற்பத்தெட்டு வோல்ட்டின் ஆயுள்

கைபேசிக் கோபுரத்தின் காலடியில் நிற்கும் இரும்பு அலமாரியைத் திறந்தால், மேல்தட்டில் மின்னணுக் கருவிகள். கீழே வரிசையாக அடுக்கிய 24 செல்கள். செல் ஒன்றுக்கு 2 வோல்ட். இருபத்துநான்கையும் தொடராக இணைத்தால் 48 வோல்ட். ஊரில் கரண்ட் போனதும், ஜெனரேட்டர் கிளம்பும்வரை, அது கிளம்பாவிட்டால் தன்னிடம் உள்ளது தீரும்வரை, அந்த வட்டாரத்தின் பேச்சு முழுவதையும் சுமப்பது இந்த அலமாரிதான். நள்ளிரவில் 108-க்குப் போகும் அழைப்பும் இதை நம்பித்தான் போகிறது.

ஒரே தொழிற்சாலையில், ஒரே வாரத்தில் செய்த மூன்று பேட்டரித் தொகுதிகளை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஒன்று ராஜஸ்தானின் பாலைவனத்துக்குப் போகிறது. இன்னொன்று லடாக் மலைக்கு. மூன்றாவது வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரைக்கு. மூன்றின் மேலும் ஒட்டியிருக்கும் சீட்டு ஒன்றுதான்: 27 டிகிரி வெப்பத்தில் 10 ஆண்டு உழைக்கும். ஆண்டு முழுக்க 27 டிகிரி என்பது இந்த மூன்று இடங்களில் எங்கும் கிடையாது. ஆகவே மூன்றும் மூன்று விதமாக வாழும், மூன்று விதமாகச் சாகும். அந்த வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து பார்த்தால்தான், புயல் நாளில் நம் போன் ஏன் ஊமையாகிறது என்பது விளங்கும்.

முன்னோர்கள்

1859-ல் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டன் பிளான்டே இரண்டு ஈயத் தகடுகளை, ஒன்றையொன்று தொடாதபடி இடையில் பட்டை கொடுத்துச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். தீர்ந்த பிறகு மறுபடி மின்சாரம் ஏற்றிப் பயன்படுத்தக்கூடிய முதல் மின்கலம் அப்படிப் பிறந்தது. 1881-ல் கமீல் ஃபோர், ஈய ஆக்சைடைக் குழைத்துத் தகட்டின் மேல் பூசும் வழியைக் கண்டார். அதன் பிறகு அது ஆய்வகத்தை விட்டுத் தொழிற்சாலைக்கு வந்தது. இன்றைக்கும் ஈய பேட்டரி என்றால் அதே ஈயம், அதே அமிலம், அதே பூச்சு.

தொலைபேசியின் தொடக்க நாட்களில் சந்தாதாரர் வீட்டிலேயே மின்கலம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் முடிவில், எல்லா வீட்டுக்கும் சேர்த்து எக்ஸ்சேஞ்சில் ஒரே பெரிய பேட்டரி வைக்கும் முறை வந்தது. 48 வோல்ட் என்ற கணக்கு அந்தக் காலத்தில் நிலைத்தது: நெடுந்தொலைவு போகும் கம்பிக்கும் போதுமான அழுத்தம், கை பட்டாலும் ஆபத்து குறைவு. பேட்டரியின் நேர்முனையை மண்ணோடு இணைத்தார்கள். அப்போது கம்பி மண்ணைவிடக் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கும். ஈர மண்ணுக்கடியில் கிடக்கும் செம்பு அரித்துப்போகாது. அதனால்தான் இன்று வரும் 5ஜி கருவியிலும் மைனஸ் 48 வோல்ட் என்றே அச்சிட்டிருக்கிறது.

பழைய எக்ஸ்சேஞ்சுகளில் பேட்டரிக்கென்று தனி அறை இருந்தது. அமிலம் தாங்கும் தரை, காற்றோட்டத்துக்கு விசிறி, இடுப்பளவு உயரச் செல்கள். அதற்கென்று ஓர் ஆள். அவர் கையில் ஹைட்ரோமீட்டர், பக்கத்தில் டிஸ்டில்ட் வாட்டர் கேன். ஒவ்வொரு செல்லிலும் அமிலத்தின் அடர்த்தியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. தெருவே இருண்டு கிடந்தபோதும் வீட்டு லேண்ட்லைன் உயிரோடு இருந்ததற்கு அந்த அறையும் அந்த ஆளும்தான் காரணம்.

அந்த ஆள் இல்லாமலும் பேட்டரி வாழ வேண்டிய காலம் வந்தது. 1957-ல் ஜெர்மனியின் சொன்னென்ஷைன் நிறுவனத்தில் ஓட்டோ யாகே அமிலத்தைக் களியாக்கி, சிந்தாத பேட்டரியைச் செய்தார். 1970-களில் அமெரிக்காவின் கேட்ஸ் நிறுவனம், மெல்லிய கண்ணாடி இழை விரிப்பில் அமிலத்தை ஊற வைத்துத் தகடுகளுக்கிடையே இறுக்கும் முறையைக் கொண்டுவந்தது. இவ்வகைச் செல்லில், சார்ஜ் ஆகும்போது நேர்த்தகட்டில் கிளம்பும் ஆக்ஸிஜன் உள்ளேயே எதிர்த்தகட்டுக்குப் போய் மறுபடி நீராகிவிடும். மேலே ஒரு சிறிய வால்வு. உள்ளே அழுத்தம் மிஞ்சினால் மட்டும் திறக்கும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூடியே திறக்க வேண்டாம்.

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமை கைபேசியில் அழைத்தார். அதன் பிறகு வயல் நடுவிலும் குன்றின் மேலும் கோபுரங்கள் எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளை உட்கார வைக்க முடியாது. மூடிய பேட்டரிதான் அந்த வேலைக்கு ஏற்றது என்று ஆனது. ‘பராமரிப்பு தேவையில்லை’ என்று அதன் மேல் அச்சிட்டார்கள். தண்ணீர் ஊற்றத் தேவையில்லை என்பதே அதன் பொருள். அதைத் திரும்பிப் பார்க்கவே தேவையில்லை என்று பலர் எடுத்துக்கொண்டதில்தான் இந்தப் பேட்டரியின் துன்பம் தொடங்குகிறது.

பிறப்பு

பேட்டரித் தொழிற்சாலைக்கு வரும் ஈயத்தில் பெரும்பங்கு பழைய பேட்டரிகளை உருக்கி எடுத்தது. அதில் சிறிது கால்சியமும் வெள்ளீயமும் சேர்த்து வலைபோன்ற சட்டமாக வார்க்கிறார்கள். இன்னொரு பகுதி ஈயத்தைத் தூளாக்கி, காற்றோடு சேரவிட்டு ஆக்சைடாக்கி, நீரும் அமிலமும் விட்டுப் பசையாகப் பிசைகிறார்கள். சட்டத்தின் கண்களில் அந்தப் பசையை அழுத்திப் பூசி, சூடும் ஈரமும் அளவாக வைத்த அறையில் பதப்படுத்துகிறார்கள். பிறகு அமிலத்தில் முதல் சார்ஜ். அப்போதுதான் ஒரே பசையில் பிறந்த தகடுகள் இரண்டாகப் பிரிகின்றன: நேர்த்தகடு சாக்லேட் நிறத்தில் ஈய டையாக்சைடு ஆகிறது, எதிர்த்தகடு சாம்பல் நிறத்தில் நுண்துளைகள் நிறைந்த ஈயமாகிறது.

கோபுரத்துக்குப் போகும் 600 ஆம்பியர்-ஹவர் தொகுதி ஒன்று, இருபத்துநான்கு செல்லும் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு டன் எடை. லாரியில் ஏறும்போதே அதன் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. யாரும் பயன்படுத்தாமல் சும்மா கிடந்தாலும் மாதத்துக்கு இரண்டு மூன்று சதவீதம் சார்ஜ் தானாகக் குறையும். கிடங்கு 10 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் அந்த இழப்பு ஏறத்தாழ இரட்டிப்பு. தகரக் கூரைக் கிடங்கில் ஒரு கோடை முழுக்கக் கிடந்து, இடையில் ஒருமுறைகூடச் சார்ஜ் ஏறாத பேட்டரி, வேலையில் சேரும் முன்பே வயதாகி வருகிறது. தகட்டில் ஈய சல்ஃபேட் கெட்டிப்பட்டுவிடும். பிறகு எத்தனை சார்ஜ் ஏற்றினாலும் அந்தப் பகுதி திரும்பி வராது.

சைட்டுக்கு வந்ததும் அதன் அன்றாட வாழ்க்கை எளிமையானது. ரெக்டிஃபையர் மின்வாரிய மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, கருவிகளுக்குக் கொடுத்தபடியே பேட்டரியையும் நிரம்பிய நிலையில் வைத்திருக்கும். செல்லுக்கு 2.25 வோல்ட், தொகுதிக்கு 54 வோல்ட். இதை ஃப்ளோட் என்கிறார்கள். கரண்ட் போனால் கணநேரமும் இடைவெளி இல்லாமல் சுமை பேட்டரி மேல் விழுகிறது. கருவிகள் 2 கிலோவாட் எடுத்தால் சுமார் 40 ஆம்பியர். 600-ஐ 40-ஆல் வகுத்தால் 15 மணி நேரம். அடிவரை உறிஞ்சாமல் 20 சதவீதத்தை மிச்சம் வைத்தால் 12 மணி நேரம். மின்னழுத்தம் 43 வோல்ட்டுக்கு அருகே இறங்கினால், பேட்டரியைக் காப்பாற்ற ஒரு ரிலே சுமையைத் துண்டித்துவிடும். ‘சைட் டவுன்’ என்று கட்டுப்பாட்டு அறையில் சிவப்பாகத் தெரிவது அந்த நொடிதான்.

காகிதத்தில் இந்த 12 மணி நேரம் எல்லா ஊருக்கும் ஒன்று. உண்மையில் என்ன ஆகிறது என்று மூன்று ஊர்களிலும் பார்க்கலாம்.

பாலைவனத்தில்

ராஜஸ்தானின் பலோதியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. நிழலில் அளந்த காற்றின் வெப்பம் அது. வெயிலில் நிற்கும் இரும்பு அலமாரிக்குள் அதைவிட அதிகம். மேல்தட்டுக் கருவிகளின் சூடும் சேர்கிறது.

ஈய பேட்டரிக்கு ஒரு கணக்கு உண்டு. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். 27 டிகிரியில் பத்தாண்டு என்றால் 37-ல் ஐந்தாண்டு. 47-ல் இரண்டரை ஆண்டு. வேதிவினைகள் சூட்டில் விரைவாக நடப்பதே இதற்குக் காரணம். வேண்டாத வினைகளுக்கும் அதே விரைவு. நேர்த்தகட்டின் ஈயச் சட்டம் மெல்ல மெல்ல அரிக்கிறது. அரித்த ஈயம் முன்பைவிட அதிக இடம் கேட்கிறது. பழைய வீட்டுக் கூரையில் கம்பி துருப்பிடித்து ஊதிக் காரையைப் பிளப்பது போல, சட்டம் வளர்ந்து செல்லின் சுவரை வெளியே தள்ளுகிறது. சைட்டுக்குப் போகிறவர்கள் ‘செல் ஊதிப்போச்சு’ என்பது இதைத்தான். கூடவே உள்ளிருக்கும் ஈரமும் வற்றுகிறது. மூடிய செல்லில் அதைத் திரும்ப ஊற்ற வழியில்லை.

இதைவிட ஆபத்தான ஒன்றும் உண்டு. சூடான பேட்டரி அதே 54 வோல்ட்டில் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். அந்த மின்னோட்டம் அதை மேலும் சூடாக்கும். மேலும் சூடானால் மேலும் இழுக்கும். கவனிப்பார் இல்லாவிட்டால் பெட்டி உருகும் அளவுக்கு இது போகும். மாற்று எளிது: வெப்பம் ஏற ஏற மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும். டிகிரிக்குச் செல்லுக்கு 3 மில்லிவோல்ட் என்பது வழக்கம். 47 டிகிரி என்றால் வித்தியாசம் 20 டிகிரி. 24 செல்லுக்கும் சேர்த்து ஏறத்தாழ ஒன்றரை வோல்ட். 54 என்பது 52.5 ஆக வேண்டும். ரெக்டிஃபையர் இதைத் தானாகவே செய்யும், ஒரு நிபந்தனையோடு: வெப்பம் அளக்கும் சென்சார் பேட்டரியின் மேல் ஒட்டியிருக்க வேண்டும். அந்தச் சிறிய கம்பி கழன்று அலமாரியின் மூலையில் தொங்கினால், ரெக்டிஃபையர் காற்றின் சூட்டைப் பேட்டரியின் சூடு என்று எடுத்துக்கொள்ளும். ஒரு டன் பேட்டரியின் ஆயுள் அந்தக் கம்பி நுனியில் தொங்குகிறது.

பாலைவன சைட்டுகள் கற்றுத்தந்த நல்ல பாடம் ஒன்று உண்டு. இன்றைய ரேடியோ கருவிகள் 45, 50 டிகிரியைத் தாங்கும், பேட்டரிதான் தாங்காது. ஆகவே அறை முழுவதற்கும் ஏ.சி. போட்டு டீசலை எரிக்க வேண்டியதில்லை. பேட்டரிக்கு மட்டும் தனி அலமாரி, இரட்டைச் சுவர், வெள்ளைப் பூச்சு, மேலே நிழல்கூரை, உள்ளே 48 வோல்ட்டிலேயே ஓடும் சிறிய குளிரூட்டி. பகலின் கொதிப்பும் இரவின் குளிர்ச்சியும் மாறிமாறி வரும் நிலத்தில், இரவுக் காற்றை விசிறியால் உள்ளே இழுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மலையில்

லடாக்குக்குப் போன தொகுதிக்கு நேர்மாறான வாழ்க்கை. லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிராஸில் குளிர்கால இரவுகள் மைனஸ் 20-க்கும் கீழே போகும். இந்தக் குளிரில் தகடு அரிப்பது வெகு மெதுவாக நடக்கிறது, ஆயுள் நீள்கிறது. ஆனால் வேண்டிய வேதிவினையும் அதே அளவு மந்தமாகிறது. 0 டிகிரியில் கொள்ளளவு ஏறத்தாழ 80 சதவீதம்தான் கிடைக்கும். மைனஸ் 20-ல் பாதியை ஒட்டி வந்துவிடும். காகிதத்தில் உள்ள 12 மணி நேரம் இங்கே ஆறு மணி நேரம். சார்ஜ் ஏறுவதும் அப்படியே. இங்கே மின்னழுத்தத்தைக் கூட்ட வேண்டும்: 0 டிகிரியில் ஏறத்தாழ 56 வோல்ட். ராஜஸ்தானில் பேட்டரியைக் கொல்லும் மின்னழுத்தம் லடாக்கில் அதைக் காப்பாற்றுகிறது.

இங்குள்ள பெரிய ஆபத்து உறைதல். நிரம்பச் சார்ஜ் ஆன செல்லில் அமிலம் அடர்த்தியாக இருக்கும். மைனஸ் 50-க்கும் கீழே போனால்தான் உறையும். தீர்ந்துபோன செல்லில் அமிலம் கிட்டத்தட்ட நீராக இருக்கும். மைனஸ் 8-லேயே உறையக்கூடும். உறைந்தால் விரியும், விரிந்தால் தகடும் பெட்டியும் பிளக்கும். ஆகவே மலையில் பேட்டரியைத் தீரவிட்டு அப்படியே ஒரு இரவு விட்டுவைக்கக் கூடாது. அடிவரை உறிஞ்சாமல் முன்கூட்டியே துண்டிப்பது இங்கே உயிர்காக்கும் விதி.

ஜெனரேட்டரை நம்பலாம் என்றால் அதற்கும் தடை உண்டு. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு; எஞ்சின் அந்த அளவுக்குத் திணறும், விசிறிக் காற்றும் குறைவாகவே குளிர்விக்கும். சாதாரண டீசல் கடுங்குளிரில் மெழுகாக இறுகிவிடும். அதற்காகவே இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-ல், மைனஸ் 33 டிகிரியிலும் இறுகாத தனி டீசலை லடாக்குக்கு அறிமுகப்படுத்தியது. சோஜி லா கணவாய் பனியில் மூடினால் லாரி வராது. கெட்டுப்போன செல்லுக்கு மாற்றுச் செல் கிடைக்க, கணவாய் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் இங்கே வேலை செய்கிறவர்கள் கோடையிலேயே பேட்டரியைச் சோதித்து, தடித்த காப்புறை போட்டு, சில இடங்களில் மண்ணுக்குள் குழிவெட்டி இறக்கி வைக்கிறார்கள். சில அடி ஆழத்தில் மண் அவ்வளவு குளிர்வதில்லை. பகல் வெயில் அங்கே தெளிவாக இருப்பதால் சூரியத் தகடு நல்ல துணை. 2023 அக்டோபரில் சியாச்சினில் 15,500 அடிக்கு மேல் உள்ள முன்னணி நிலைகளில் ராணுவமும் பி.எஸ்.என்.எல்-லும் சேர்ந்து முதல் கைபேசி நிலையத்தை நிறுவின. அங்கிருந்து வீட்டுக்குப் பேசும் படைவீரனின் குரலுக்குப் பின்னால் இத்தனை கணக்கு இருக்கிறது.

கடற்கரையில்

மூன்றாவது தொகுதிக்கு 51 டிகிரியும் இல்லை, மைனஸ் 20-ம் இல்லை. இங்கே எதிரி உப்பு. காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து டெர்மினல், நட்டு, போல்ட், இணைப்புப் பட்டை எல்லாவற்றையும் தின்னும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அழகப்பச் செட்டியார் தந்த 300 ஏக்கர் நிலத்தில் 1953-ல் திறக்கப்பட்டது. கடற்கரை அரிப்பை ஆராய மண்டபத்தில் அதற்கு ஒரு நிலையமே உண்டு. நம் கடற்காற்று எவ்வளவு கொடியது என்பதற்கு அதுவே சான்று. அரித்த இணைப்பில் மின்தடை கூடும். தடை கூடினால் சூடேறும். கரண்ட் போய் முழுச் சுமையும் விழும் நேரத்தில் அந்த ஒரு போல்ட் தீய்ந்துவிடும்.

மழைக்காலத்துக்கு முன் ஒரு சைட்டில் நடக்கும் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்த்தால், பேட்டரியைக் காப்பது என்றால் என்ன என்று தெரியும். டெக்னீஷியன் முதலில் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்கிறார். உலோக மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுகிறார். 600 ஆம்பியர்-ஹவர் தொகுதியில் மோதிரம் குறுக்கே பட்டால் விரல் போய்விடும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைத் துடைத்தெடுத்து, போல்ட்டை டார்க் ஸ்பேனரால் அளவு பார்த்து முறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுகிறார். பிறகு தொகுதியைக் கருவிகளிலிருந்து பிரித்து, மின்சாரத்தைச் சூடாக மாற்றித் தீர்க்கும் ஒரு பெட்டியோடு இணைக்கிறார். 60 ஆம்பியரில் வடியத் தொடங்குகிறது. மணிக்கொருமுறை மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒவ்வொரு செல்லிலும் வைத்து எழுதிக்கொண்டே போகிறார். இரண்டாம் மணியில் எல்லாச் செல்லும் ஒரே அளவில் நிற்கும். ஐந்தாம் மணியில் இருபத்துமூன்று செல்கள் 1.9 வோல்ட்டுக்கு மேல் இருக்க, ஒன்று மட்டும் 1.8-க்கு இறங்கினால் அவர் பேனா அங்கே நிற்கும். ஃப்ளோட்டில் இருந்தபோது அந்தச் செல்லும் மற்றவை போல 2.25 வோல்ட்தான் காட்டியிருக்கும். சுமை ஏறினால்தான் அதன் உண்மை வெளியே வரும். தொடரில் இருப்பதால், அந்த ஒரு செல் எத்தனை மணி நேரம் தாங்குமோ அத்தனை மணி நேரம்தான் மொத்தத் தொகுதிக்கும்.

ஒரு பகல் முழுக்க எடுக்கும் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவது எளிது. அதன் விலையை ஊர்தான் கொடுக்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. தென்னையும் மாவும் சாலையில் குறுக்கே கிடக்க, டீசல் வண்டி கோபுரத்துக்குப் போக முடியவில்லை. மணிக்கணக்குக்கு அளவெடுத்த பேட்டரியால் நாட்கணக்கைத் தாங்க முடியாது. பேட்டரிக்கும் அதுவே கொடுமையான சாவு. வடிந்து தீர்ந்த ஈய பேட்டரியை உடனே சார்ஜ் செய்தால் பிழைக்கும். நாட்கணக்கில் காலியாகவே கிடந்தால் சல்ஃபேட் படிகம் தகட்டை மூடி, மின்சாரம் திரும்பிய பிறகும் எழுந்திருக்காது. புயலில் தப்பிய கோபுரமும் அடுத்த மின்தடையில் விழுவது இதனால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது

பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும் என்பது பொதுமக்களின் விவகாரம் என்று உலகம் மெல்லத்தான் உணர்ந்தது. 2005-ல் கேத்ரினா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது தொலைத்தொடர்பும் சேர்ந்து மூழ்கியது. 2007-ல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம், கைபேசி நிலையங்களில் 8 மணி நேர மின்சேமிப்பு வேண்டும் என்று விதி போட்டது. நிறுவனங்கள் எதிர்த்தன, விதி நடைமுறைக்கு வராமலே போனது. 2019 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ அச்சத்தால் மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்தியபோது, மாரின் மாவட்டத்தின் கைபேசி நிலையங்களில் பாதிக்கு மேல் ஓய்ந்தன. தீ வருகிறது என்ற எச்சரிக்கை மக்களின் போனுக்கே போகாத நிலை. 2020 ஜூலையில் அம்மாநில ஒழுங்குமுறை ஆணையம், தீ அபாயம் மிகுந்த பகுதிகளில் 72 மணி நேரம் தாங்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

இந்தியாவில் 2012-ல், கிராமப்புறக் கோபுரங்களில் பாதியாவது 2015-க்குள் சூரிய ஒளி போன்ற புதுப்பிக்கும் ஆற்றலும் கலந்த மின்சாரத்தில் இயங்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை சொன்னது. டீசலைக் குறைக்க வந்த இந்த நோக்கம் நல்லது. ஆனால் பேட்டரியின் வேலை மாறியது. எப்போதோ ஒருமுறை உழைத்தது, இப்போது தினமும் வடிந்து தினமும் நிரம்ப வேண்டியதாயிற்று. காத்திருப்பதற்கென்று செய்த ஈய பேட்டரி அந்த அன்றாட உழைப்பில் சீக்கிரம் தேய்ந்தது.

புதிய வாரிசு

அந்த இடத்தில்தான் லித்தியம் வந்தது. 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மின்கல ஆய்வாளர் ஜான் குட்இனஃபுடன் உழைத்தவர், தென் தமிழ்நாட்டில் பிறந்த ஆறுமுகம் மந்திரம். இரும்பு சல்ஃபேட் போன்ற சேர்மங்களை மின்கலத்தில் பயன்படுத்தலாம் என்று அவர்கள் காட்டினார்கள். அந்த வழியில் நடந்து 1997-ல் ஆய்வாளர்களான பாதி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப் மூவரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டார்கள். கோபுரங்களில் இன்று ஈயத்தின் இடத்தைப் பிடித்து வருவது அதுதான். 2019-ல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவர் சார்பில் உரை நிகழ்த்தியவரும் மந்திரமே.

இந்த லித்தியம் பேட்டரிக்கு ஈயத்தில் மூன்றில் ஒரு பங்கு எடை, சில ஆயிரம் முறை வடிந்து நிரம்பும் வலு, பாதி நிரம்பிய நிலையில் கிடந்தாலும் கெடாத குணம். வெப்பத்தையும் ஈயத்தைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் இதற்கும் ஒரு நிலம் ஒத்துக்கொள்ளாது. 0 டிகிரிக்குக் கீழே இதைச் சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகப் படிந்து, கொள்ளளவு குறைந்து, உள்ளேயே ஷார்ட் ஆகும் அபாயம் வரும். லடாக்கில் முதலில் ஹீட்டரால் செல்லைச் சூடாக்கி, பிறகே சார்ஜை அனுமதிக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள உள்ளேயே ஒரு மின்னணுக் காவலன் உண்டு. விலை அதிகம் என்பதால் திருடரின் கண்ணும் அதன் மேல்தான். தென்னாப்பிரிக்காவில் பேட்டரியைக் காங்கிரீட்டுக்குள் புதைத்துக் காக்க வேண்டிய நிலை வந்தது.

சாவும் மறுபிறப்பும்

கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே போனால் பேட்டரிக்கு ஆயுள் முடிந்தது என்று கணக்கு. ஈயத்துக்கு மட்டும் அது முடிவில்லை. முறையான ஆலையில் பெட்டியை இயந்திரத்தில் உடைத்து, அமிலத்தைச் செயலிழக்கச் செய்து, பிளாஸ்டிக்கைத் தனியே எடுத்து, ஈயத்தை மூடிய உலையில் உருக்கினால், அது மறுபடி சட்டமாக வார்க்கப்பட்டு இன்னொரு கோபுரத்துக்குப் போகும். எத்தனை முறை உருக்கினாலும் ஈயம் ஈயமே.

அதே பேட்டரி காயலான் கடை வழியாக யாரோ ஒருவரின் கொல்லைப்புறத்துக்குப் போனால் கதை வேறு. கோடரியால் பிளந்து, அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றி, திறந்த அடுப்பில் ஈயத்தை உருக்குகிறார்கள். அந்தப் புகையும் தூளும் குழந்தைகளின் ரத்தத்தில் சேர்ந்து மூளையைத் தாக்கும். ஆப்பிரிக்காவின் செனகலில், டாக்கர் அருகே தியாராய் என்ற ஊரில் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே 18 குழந்தைகள் இறந்தன. பழைய பேட்டரியின் ஈயம் கலந்த மண்தான் காரணம். இந்தியாவில் 2001-ல் வந்த பேட்டரி விதிகளுக்குப் பதிலாக 2022-ல் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. விற்ற பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. விதி தெளிவாக இருக்கிறது. கொல்லைப்புற உலையின் புகைதான் இன்னும் நின்றபாடில்லை.

மூன்று நிலங்களும் சொல்வது ஒன்றே: ஒரு சீட்டை ஒட்டி நாடு முழுவதற்கும் ஒரே பேட்டரியை, ஒரே மின்னழுத்தத்தில், ஒரே பராமரிப்பில் வைக்க முடியாது. பாலைவனத்துக்கு நிழலும் சரியான சென்சாரும் வேண்டும். மலைக்குக் காப்புறையும் பெரிய கொள்ளளவும் வேண்டும். புயல் கரைக்கு நாட்கணக்கைத் தாங்கும் சேமிப்பும், ஆண்டுதோறும் மழைக்கு முன் வடித்துப் பார்க்கும் சோதனையும் வேண்டும். கடலோர மாவட்டங்களில் எந்தக் கோபுரம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைச் சோதனை செய்த தேதியோடு மாவட்ட நிர்வாகத்துக்கும் மக்களுக்கும் தெரிவிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். தங்குமிடங்களின் பட்டியலைப் போல இதுவும் புயலுக்கு முன் மக்கள் கையில் இருக்க வேண்டிய தகவல்.

நம் பங்குக்கும் ஒரு வேலை இருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் பேட்டரியும் இதே குடும்பம்தான். அதை வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். தண்ணீர் ஊற்றும் வகை என்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். தீர்ந்த நிலையில் நாட்கணக்கில் விடாதீர்கள். ஆயுள் முடிந்ததும் நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று வண்டியில் வருபவரிடம் போடாமல், புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து ரசீது கேளுங்கள்.